காற்றுக்காக மாற்றிய பாதை

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அத்தானும் துரும்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முதுகுவலி குறைந்ததா? கட்டிலைத் தனியாகத் தூக்கி நகர்த்தும் வீரத்தை இனிமேலாவது விடச் சொல்.

உன் மகள் துரும்பின் பெயர் போட்டிப் பட்டியலில் ஏறிவிட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள், ஒற்றையர் படகு. பட்டியலைத் தட்டச்சு செய்தவனே நான்தான் என்றாலும் அவள் பெயர் வந்த வரியில் கை கொஞ்சம் நின்றது. சின்ன வயதில் குளிக்கக் கூப்பிட்டாலே ஊரைக் கூட்டி அழுத ஆள் நீ. உனக்குப் பிறந்தது படகு ஓட்டுகிறது!

எல்லாச் சங்கங்களுக்கும் வரைபடம் அனுப்பியாயிற்று. படகுகள் அணைக்கரை ஓரமாக மேலே போகும். நீர்த்தேக்கத்தின் நடுவில் ஆறு பாதைகளில் போட்டி கீழே வரும். துடுப்புப் போடுகிறவர்களுக்குப் போகிற திசை முதுகுப் பக்கம். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் யார் எந்தக் கரை ஓரம் போகிறார்கள் என்பதுதான் இங்கே உயிர் போன்ற விஷயம். காற்று கெட்டால் அன்று காலையிலேயே பாதையை மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. அதற்காகத்தான் ஆறரை மணிக் கூட்டம். பயிற்சியாளர் நேரில் வந்து கேட்டுவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய அணிக்கு எண் தகடு. தகடு இல்லாத படகைத் துறைக் காவலர் தண்ணீரில் இறக்க விடமாட்டார். தகடு இருந்தால் வேறு ஒன்றும் கேட்கமாட்டார். நான் செயலாளரான பிறகு கொண்டுவந்த ஏற்பாடு இது. எட்டு வருடமாக ஒரு கீறல் விழுந்ததில்லை. பெருமையடிக்கிறேன் என்று சிரிக்காதே.

வானிலை அலுவலகத்தில் கேட்டால் மழுப்புகிறார்கள். நான் தினமும் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு.

உன் தம்பி

ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். உன் அத்தான் நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் யாராவது வந்தால் மட்டும் குனிந்துகொள்கிறார்.

எனக்கு ஆலையில் இரட்டை வேலை. சோதனை மேசையில் நாளுக்கு அறுநூறு சட்டைக் காலர் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் கண் கழுத்துப்பட்டைக்குத்தான் போகிறது. துரும்பு ஐந்து மணிக்கே எழுந்து ஏரிக்குப் பயிற்சிக்குப் போய்விடுகிறாள். உள்ளங்கை இரண்டும் காய்த்து மரக்கட்டை மாதிரி இருக்கிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளை வருவான் என்று கேட்டேன். "வர்றவன் துடுப்புப் போடட்டும்மா" என்கிறாள்.

தம்பி, உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். அடுத்த பிறந்தநாள் வந்தால் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுவாள். இதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்கிறார்கள்; படிப்பும் அங்கேயே. வராவிட்டால் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து காலர் பார்க்க வேண்டியதுதான். அவளைப் பயிற்சியாளர் தன் வேனிலேயே அழைத்து வருகிறார். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

மாமா செயலாளர் என்பதற்காக அவளுக்குச் சலுகை எதுவும் காட்டிவிடாதே. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொள்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். துரும்பின் தோள் எப்படி இருக்கிறது? வெறும் சிராய்ப்புதான் என்று இங்கே மருத்துவர் சொன்னார்.

போட்டி முடிந்து ஐந்து நாளாகியும் எழுதக் கை வரவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என் பங்குக்குச் சொல்கிறேன். அன்று விடியும்போதே கொடி பலகை போல விறைத்து நின்றது. காற்று அணைக்கரைக்கு அப்பாலிருந்து வந்து நீர்த்தேக்கத்தின் நடுவில் விழுந்தது. வெள்ளை வெள்ளையாக அலை. சோதனைக்கு அனுப்பிய நால்வர் படகு நூறு மீட்டர் போவதற்குள் தண்ணீர் ஏறித் தொட்டியாகிவிட்டது. ஆட்களைக் கயிறு போட்டு இழுத்தோம். சங்கத் தலைவர் ரத்து செய்துவிடலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அணைக்கரையின் மறைவில், கரையை ஒட்டி ஒரு பட்டை நீர் அசையாமல் இருந்தது. போட்டியை அங்கே நகர்த்தினேன். இரண்டாயிரம் மீட்டரை ஆயிரமாகக் குறைத்தேன். ஆறு பாதையை மூன்றாக்கினேன். மேலே போகும் படகுகளை எதிர்ப்பக்கம் நாணல் கரைக்கு மாற்றினேன். காற்று இன்னும் ஏறுவதற்குள் சிறிய படகுகள் முடியட்டும் என்று ஒற்றையர் போட்டியை முதலில் வைத்தேன். மிதவைகளில் பாதியைத்தான் நகர்த்த முடிந்தது. மீட்புப் படகு, ஆம்புலன்ஸ், நேரக் கணக்கர் மேசை எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் இடம் மாற்றினோம். இந்த நீர்த்தேக்கத்தில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை.

அப்புறம் எட்டு இருபதுக்கு, அணைக்கரை வளையும் இடத்தில், மேலே போய்க்கொண்டிருந்த துரும்பின் படகும் போட்டியில் வந்துகொண்டிருந்த எங்கள் சங்கத்துப் பெண்ணின் படகும் மோதிக்கொண்டன. அந்தப் பெண் பேக்கரிக்காரர் மகள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

துரும்பை மருத்துவ அறையில்தான் பார்த்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காற்றைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய்.

துரும்பு ஒன்றையே சொல்கிறாள். "பாதை மாறினது எனக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல. வரைபடத்துல இருந்தபடி அணைக்கரை ஓரமாத்தான் போனேன்." பயிற்சியாளரிடம் போய்க் கேட்டேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கூட்டத்துல கேட்டதை அப்படியே அவகிட்ட சொன்னேன்மா. பதற்றத்துல மறந்திருப்பா" என்றார். சங்கத்திலிருந்து வந்த காகிதத்தில் கூட்டத் தாளின் நகல் இருக்கிறது. அதில் அவர் அணிக்கு நேரே கையெழுத்தும் இருக்கிறது.

என் மகள் சோம்பேறி, பிடிவாதக்காரி, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவள். பொய் சொல்லிப் பார்த்ததில்லை.

நீ அன்று அங்கேதான் இருந்தாய். உனக்குத் தெரிந்ததை எனக்கு எழுது. அந்தப் பேக்கரிக்காரர் மகளுக்கு எப்படி இருக்கிறது என்றும் எழுது. துரும்பு தினமும் கேட்கிறாள்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் நாடுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் புதுக் குழாய்ப் பாதைக்கு வரைபடம் போடும் வேலை கழுத்தை நெரித்தது.

அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து தகடு வைத்திருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன. துடுப்புப் பிடிக்க முடியுமா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது.

சங்கம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. நான் செயலாளர் என்பதால் இதைப் பற்றி வெளியில் எழுதுவது முறையாக இருக்காது. பொதுவாகச் சொல்கிறேன். போட்டி நாளில் பயிற்சியாளர் சொல்வது பிள்ளைகள் காதில் ஏறாமல் போவது நடக்கிறதுதான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்காக அவள் பொய் சொல்கிறாள் என்று ஆகாது. அவளைத் திட்டாதே.

இங்கே இன்னும் காற்று அடங்கவில்லை.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

சுகம்.

உன் கடிதத்தை நான் பிரிப்பதற்கு முன் அவள் பிரித்துப் படித்துவிட்டாள். "மாமாவே அப்படித்தான் நினைக்கிறாரா?" என்று கேட்டாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் தடை. மறுத்தால் முழு விசாரணை; பயிற்சியாளர் சாட்சி சொல்வார், தாள் இருக்கிறது, இரண்டு வருடம்வரை போகலாம் என்கிறார்கள். எப்படியானாலும் விடுதி இடம் போய்விட்டது.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல். நீ சொல்வதைச் செய்கிறோம்.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒப்புக்கொள்வதே நல்லது என்று தோன்றுகிறது. ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை.

போன வாரம் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தோம். நீளமான மேசை, மின்விசிறி கிரீச் கிரீச் என்றது. துரும்பிடம் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, "சார் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள். நாங்கள் வீட்டில் பேசி வைத்த வாக்கியம் அதுதான். முந்தின வாரம் முழுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்ல மாட்டேன் என்று முதல் இரண்டு நாள் அழுதாள், மூன்றாவது நாளிலிருந்து அழவில்லை. அன்று அவள் அதைச் சொன்னபோது ஒரு தடுமாற்றமும் இல்லை. பயிற்சியாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தார், தலையாட்டினார்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, பேக்கரிக்காரர் வீட்டு முகவரி வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாள். இப்போது காலையில் ஐந்து மணிக்கு எழுவதில்லை. எட்டு மணிக்கு எழுப்பினாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

போதும், தம்பி. நீ எழுதாததை நான் எழுதுகிறேன். அன்று காலை ஆறே முக்காலுக்கு ஆலையிலிருந்து உனக்கு நான் போன் செய்தேன். வழியில் மரம் விழுந்து வேன் நின்றுவிட்டது, கூட்டத்துக்கு வர முடியாது, உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் பெட்ரோல் பங்கிலிருந்து போனில் என்னிடம் கெஞ்சினார். நான் உன்னிடம் கெஞ்சினேன். "எப்படியாவது அவளை விட்டுடாதடா" என்றேன். நீ, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றாய். இரண்டரை மாதமாக அந்தப் பேச்சை நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நீ எழுதுவாய், பிறகு நான் எழுதலாம் என்று காத்திருந்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. சலுகை காட்டாதே என்று எழுதிவிட்டு நானே கேட்டது வெளியில் தெரிய வேண்டாம் என்று இருந்தேன். அதற்காக என் மகள் வாயிலேயே பொய்யைத் திணித்தேன்.

வேன் எத்தனை மணிக்கு வந்தது? கூட்டத்துக்கு வராதவருக்குக் கையெழுத்து எங்கிருந்து வந்தது?

அக்கா

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

கையெழுத்து நான் போட்டது.

நீ போன் செய்தபோது கூட்டம் முடியும் நேரம். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பயிற்சியாளர் பெயரைக் கிறுக்கினேன். வேன் வந்ததும் நானே போய்ப் புதுப் பாதையைச் சொல்லிவிடலாம், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஏழே முக்காலுக்கு வேன் வந்தது என்று சங்கத்து எழுத்தர் வந்து சொன்னார். அதே நேரத்தில் இரண்டாவது பாதையின் மிதவைக் கயிறு அறுந்துவிட்டது என்று மீட்புப் படகிலிருந்து கூப்பிட்டார்கள். எண் தகட்டை எழுத்தரிடமே கொடுத்தனுப்பிவிட்டுக் கயிற்றைப் பார்க்க ஓடினேன். பிறகு போட்டி தொடங்கிவிட்டது. நான் மறுகரையில் இருந்தேன். அன்று காலை முழுவதும் துரும்பை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அக்கா. மோதின சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அவள் ஞாபகமே வந்தது.

துறைக் காவலர் தகட்டைப் பார்த்தார், இறக்கிவிட்டார். என் ஏற்பாடு சரியாகத்தான் வேலை செய்தது.

பயிற்சியாளர் தாளைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருக்கிறார். கூட்டத்துக்கு வராமல் அணியை இறக்கினால் அவருக்கு உரிமம் போய்விடும். அதனால் அது தன் கையெழுத்துத்தான் என்றார், அவளிடம் சொன்னேன் என்றார். அவர் அப்படிச் சொன்னபோது நான் அதே அறையில் இருந்தேன். அந்தப் பொய் எனக்கும் வசதியாக இருந்தது. இதைவிட அசிங்கமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஜூலையில் எழுதிய கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நேற்றுக் குழுத் தலைவரைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். துரும்பின் தடையை நீக்குவதாகச் சொன்னார்கள். விடுதி இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம். அங்கிருந்து பேக்கரிக்குப் போனேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "உங்க வீட்டுப் பொண்ணு எழுதின லெட்டரை என் பொண்ணு தலைமாட்டுலயே வச்சிருக்கா. அதை இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ போன் செய்தது உன் தவறு இல்லை. முடியாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. நீ பேசியதைக் குழுவுக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

துரும்பிடம் நீயே சொல். அவளுக்குத் தனியாக எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதற்கு மேல் போகவில்லை.

தம்பி

அக்டோபர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மா எனக்குக் காட்டவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கையெழுத்து நீங்கள் போட்டது, சார் என்னிடம் பாதை மாறியதைச் சொல்லவே இல்லை, இவ்வளவுதான் சொன்னாள். தான் போன் செய்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். தான் போன் செய்ததையும் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டதாக உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, மாமா. நிறைய இருக்கிறது. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

குழுவின் முன்னால் நான் சொன்னது பொய் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பொய் சொல்லவில்லை. மரம் விழுந்து வேன் நின்றபோது சார் போய்ப் போன் பேசினார்; கூட்டத்தில் சொன்னதைப் போனிலேயே கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் "சொன்னாரு, நீதான் மறந்துட்டே" என்று சொல்லச் சொல்ல, நானும் தினமும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். உங்கள் ஜூலைக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வேனின் பின்பக்கம் படகின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். சார் டீ டம்ளரோடு வந்து, "பாதை மாறிடுச்சு, நாணல் கரை ஓரமா போ" என்கிறார். டம்ளரில் ஆவி பறக்கிறது. நான் தலையாட்டுகிறேன். இது எனக்கு அப்படியே தெரிகிறது, மாமா. அது நடக்கவில்லை என்று இப்போது அம்மா சொல்கிறாள். நம்புகிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் அந்த டம்ளர் தெரிகிறது. மனசாரத்தான் ஒப்புக்கொண்டேன், மனசாரத்தான் பேக்கரிக்காரர் மகளுக்கு எழுதினேன்.

தடையை நீக்கிவிட்டார்கள். நேற்று ஏரிக்குப் போனேன். படகை இறக்கவில்லை. எந்தக் கரை ஓரம் போக வேண்டும் என்று அங்கே இருந்த மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள், அப்புறமும் எனக்குப் பயமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அன்று காலை நான் படகில் உட்கார்ந்த பிறகு நீங்கள் துறைக்கு வந்தீர்கள். மழைக்கோட்டு போட்டிருந்தீர்கள். எண் தகட்டை நீங்களே குனிந்து படகில் மாட்டிவிட்டு, என் தலையில் கை வைத்து, "பயப்படாதடா, நான் இங்கதான் இருப்பேன்" என்று சொன்னீர்கள். அந்த நாளில் எனக்குப் பிடித்தது அது மட்டும்தான். இத்தனை மாதமும் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அதுவாவது நடந்ததா, மாமா? உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
துரும்பு